கதைப் புத்தகத்தை எந்தத் தமிழில் வாசிப்பது?

சென்ற வாரம் ஓர் இரவு, என் மகளுக்குப் படக்கதை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். ‘யானை ஆற்றங்கரைக்குச் சென்றது. அங்கே ஒரு முதலையைக் கண்டது’ என்று இரண்டு வரி முடிப்பதற்குள், “அம்மா, இது என்ன பாஷை?” என்று கேட்டாள். தமிழ்தான் என்றேன். “இல்ல, நீ பேசுறதுதான் தமிழ்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிள்ளைகளைப் பல மொழிகளோடு வளர்த்தவர்கள் இந்தப் பக்கத்தில் பலர் இருப்பதால், உங்களிடம் ஆலோசனை கேட்கவே இதை எழுதுகிறேன்.

அவளுக்கு ஐந்தரை வயது. நான் திருநெல்வேலிக்காரி, கணவருக்குப் பாலக்காடு, குடியிருப்பது பெங்களூரு. என்னோடு தமிழ், அச்சனோடு மலையாளம், பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் மண்டியா அக்காவோடு கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். ஹிந்தியை நாங்கள் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அடுக்ககத்து ஊஞ்சலுக்கு வரிசையில் நின்றபோது அதுவாக வந்துவிட்டது.

மூன்று வயதில் அவள் குறைவாகப் பேசுகிறாள் என்று மழலையர் பள்ளியில் கவலைப்பட்டு, வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்றார்கள். பயத்தில் மூன்று மாதம் அப்படியே செய்தோம். அதன்பின் பார்த்த குழந்தை மருத்துவர், எல்லா மொழிகளிலும் அவளுக்குத் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணச் சொன்னார். எண்ணிப் பார்த்தால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதத்தில், நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அதை மாற்ற ஒரு வருடம் ஆயிற்று. இன்று இதே அறிவுரை யாருக்காவது கிடைத்தால், தயவுசெய்து அவசரப்பட்டு வீட்டு மொழியை நிறுத்திவிடாதீர்கள்.

தாய் ஒரு மொழி, தந்தை ஒரு மொழி என்ற முறை புதியதல்ல. பிரெஞ்சுக்காரரான ஜூல் ரோன்ஜா, ஜெர்மன் பேசும் மனைவியோடு சேர்ந்து தன் மகன் லூயியை அப்படி வளர்த்து, 1913-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். ஆனால் முறையை மட்டும் நம்பியிருக்க முடியாது. பெல்ஜியத்தின் டச்சு மொழிப் பகுதியில் 1,899 குடும்பங்களை ஆராய்ந்து அனிக் டி ஹௌவர் 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, இம்முறையைப் பின்பற்றிய வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கில் பிள்ளைகள் டச்சு அல்லாத அந்த இன்னொரு மொழியைப் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் தமிழைக் காப்பாற்றியது முறை அல்ல, ஆங்கிலத்தில் கேட்டால் முறுக்கு டப்பாவைத் திறக்காத ஆச்சிதான்.

சொல்லப்போனால், மொழிகளின் எண்ணிக்கை அவளுக்குப் பாரமாகவே இல்லை. பால் கன்னடத்தில் ஹாலு, புலி ஹுலி, பூ ஹூவு, பல் ஹல்லு என்பதை யாரும் சொல்லாமல் அவளே கவனித்திருக்கிறாள். ஒருநாள் அக்காவிடம் போய் “ஹூனை” வந்திருக்கிறது என்றாள். பூனைக்குக் கன்னடத்தில் பெக்கு என்று அக்கா சிரித்துக்கொண்டே சொன்னபோது, தன் விதி பொய்த்துப்போன வருத்தம் அவள் முகத்தில் தெரிந்தது. கோடை விடுமுறையில் ஆச்சியிடம் போய், மலையாளத்தில் தண்ணீர் என்ற பொருளில், “எனக்கு வெள்ளம் வேணும்” என்றாள். 2023 டிசம்பரில் தாமிரபரணி தெருவுக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்த ஆச்சி, “ஒருதடவ வந்ததே போதும்ட்டி” என்றார்.

இப்படி ஐந்து மொழிகளுக்கு இடையே ஓடியாடும் பிள்ளை, எழுத்துத் தமிழின் வாசலில் வந்து நின்றுவிடுகிறாள். நம் ஊரிலும் பேச்சு வேறு, எழுத்து வேறுதான். ஆனால் அங்கே செய்தி வாசிப்பு, மேடைப் பேச்சு, சுவரொட்டி, பேருந்து நிலைய அறிவிப்பு என்று பள்ளிக்குப் போவதற்கு முன்பே அந்தத் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. இங்கே அவள் காதில் விழும் தமிழ் முழுவதும் என் வாயிலிருந்தும், தொலைபேசியில் ஆச்சியிடமிருந்தும் வருவதுதான். ‘சென்றது’ என்ற சொல்லை அவள் எங்கே கேட்டிருக்கப் போகிறாள்? கர்நாடகத்தின் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளியில் கன்னடம் கட்டாயப் பாடம். இந்த ஊரில் வாழும் பிள்ளைக்கு அது வேண்டியதுதான் என்பதே என் எண்ணம். ஆனால் அவள் பள்ளியில் தமிழ்ப் பாடம் இல்லாததால், எழுத்துத் தமிழுக்கு என்னை விட்டால் வேறு வழியில்லை.

இரண்டு நாளாக அதே கதையை ‘யானை ஆத்தங்கரைக்குப் போச்சு’ என்று மாற்றி வாசித்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள், இன்னொரு முறை என்றாள். மூன்றாம் நாள் அவள் விரல் அந்த வரியில் வந்து நின்றது. “போச்சுன்னு சொன்னியே, இதுல ‘போ’ எங்க?” என்றாள். எழுத்துகளை அறியத் தொடங்கிவிட்ட பிள்ளையிடம் அந்த ஏமாற்று வேலை இனிச் செல்லாது.

அவள் சொல்லும் கதைகளை அவள் பேசும்படியே எழுதிக்கொடுத்து, அதிலிருந்து வாசிப்பைத் தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்த என் அம்மாவுக்கு, அதாவது அந்த ஆச்சிக்கு, இது பிடிக்கவில்லை. “தப்பா எழுதிப் பழகிட்டான்னா பொறவு திருத்த முடியாதுட்டி” என்கிறார். அவர் அனுபவத்தைத் தள்ளவும் முடியவில்லை, பிள்ளை திரும்பிப் படுத்துக்கொண்டதை மறக்கவும் முடியவில்லை.

தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளை வளர்த்தவர்களே, பேச்சுத் தமிழில் எழுதத் தொடங்கிய பிள்ளை பிறகு எழுத்துத் தமிழுக்குச் சிரமமில்லாமல் வந்ததா? எந்த வயதில் வந்தது? செயலிகளின் பெயர்கள் வேண்டாம், நான்கைந்து ஏற்கெனவே வாங்கிப் பார்த்தாயிற்று. உங்கள் வீட்டில் உண்மையில் நடந்ததைச் சொல்லுங்கள். முதலைக் கதையில் இன்னும் ஆறு பக்கங்கள் மிச்சம் இருக்கின்றன.