கரி எரிக்கத் திருமயம் போறேன்

இன்னைக்குக் காலைல என் டீசல் காருல மறுபடியும் அந்த மஞ்ச லைட்டு, புகை ஃபில்டர்ல கரி அடச்சிருச்சுன்னு சொல்லுற லைட்டு. போன புதன்கிழமைதான் அணைச்சேன், எட்டு நாள்கூட முழுசா ஆகல. பொட்டிக்குள்ள புள்ளி புள்ளியா ஒரு படம் வரும்ல, அதேதான். பாத்தவுகளுக்கு இப்பவே வயிறு எரிஞ்சிருக்கும். பாக்காதவுக பெட்ரோல் வண்டியே வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்க.

மொத தடவ எரிஞ்சப்ப சர்வீஸ் சென்டருக்கு ஓடுனேன். கழுத்துல பட்டை, கைல டேப்லெட், தம்பிக்கு இருவத்தஞ்சு வயசு இருந்தா அதிகம். வயர மாட்டி எதையோ படிச்சுட்டு என்னைய ஒரு பார்வ பாத்தான் பாருங்க, சர்க்கரை முன்னூறத் தாண்டுனவன டாக்டர் பாக்குற பார்வ. "சார், நீங்க வண்டியே ஓட்ட மாட்டேங்கிறீங்க"ங்கிறான். ஓட்டாம? காரைக்குடிக்குள்ளயே வீட்டுலேர்ந்து செக்காலை ரோட்டுக் கடைக்கு, மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு, மறுபடி கடைக்கு, பொழுது சாய கல்லுக்கட்டில ஒரு வேல, தெனம் நாலு நட போய் வாறேன்டா. "அதான் சார் பிரச்சனை, மூணு கிலோமீட்டர்ல இன்ஜின் சூடே ஆகாது, கரி ஃபில்டர்ல தங்கிரும், ஹைவேல அறுவதுக்கு மேல இருவது நிமிஷம் நிறுத்தாம ஓட்டுங்க, உள்ள அறுநூறு டிகிரி வந்து தானா எரிஞ்சிரும்." எரியலேன்னா? லேப்டாப்ப வச்சு அவுங்களே எரிப்பாங்களாம். அதுலயும் எரியலேன்னா ஃபில்டரயே மாத்தணுமாம். வெலையச் சொன்னான், காது அடச்சுப்போச்சு.

இத வண்டி விக்கும்போது சொல்லணுமா வேணாமா? விக்கும்போது என்ன கேட்டாக தெரியுமா, சன்ரூஃப் வேணுமான்னு கேட்டாக. ஏப்பா, கத்திரி வெயில்ல காரைக்குடில கூரையத் தெறந்து வச்சுக்கிட்டு நான் என்ன வடகமா காயப் போடப் போறேன்? ஒரு நாளைக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுவீகன்னு ஒரு வாய் கேக்கல. நானும் சொல்லல, அது வேற விஷயம், அதப் பேச வேணாம்.

நான் ஒண்ணும் டீசல் தெரியாதவன் இல்ல. அப்பச்சி வச்சிருந்த டீசல் அம்பாசடர்லதான் ஓட்டவே பழகுனேன். காலைல ஹீட்டர் போட்டு இருவது எண்ணணும், சாவியத் திருகுனா தெருவே எந்திரிக்கும், டீசல் தீந்து ஏர் லாக் ஆச்சுன்னா பானட்டத் தெறந்து கைப்பம்ப டொக் டொக்குனு அடிச்சு காத்த வெளியேத்துனா கெளம்பிரும். பின்னாடி வர்றவன் முகம் கருத்துப்போகும், உண்மதான், ஆனா கரி வெளிய போச்சுல்ல? இப்ப 2020 ஏப்ரல்லேர்ந்து பிஎஸ் 6ங்கிற புகைக் கட்டுப்பாடு. சைலன்சருக்குள்ள வெரல விட்டு எடுத்தேன், மை ஒட்டல, ஒத்துக்கிறேன், நல்லதுதான். அந்த மை பூரா இப்ப என் மண்டைக்குள்ள இருக்கு. டீசல்ல காசாவது மிச்சமான்னா அதுவும் போச்சு. 2014 அக்டோபர்ல அரசாங்கம் கட்டிவச்சிருந்த டீசல் வெலையையும் அவுத்து விட்டாக, இப்ப ரெண்டுக்கும் லிட்டருக்குப் பத்து ரூவா வித்தியாசம்கூட இல்ல. அப்புறம் ஏன்டா வாங்குனேன்னு கேக்காதீக. இழுவைக்காக வாங்குனேன். செக்காலை ரோட்டுல இழுக்குறதுக்கு.

சரி, புதன்கிழமைக்கு வாறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையப் பையன்கிட்ட விட்டுட்டு, கரி எரிக்கத் திருமயம் போறேன்னு வீட்டுல சொன்னா யாரு நம்புறா? என்னமோ மறைக்கிறேன்னு நெனச்சு வீட்டுக்காரியும் ஏறி உக்காந்துட்டா. கோட்டையூர் தாண்டுறதுக்குள்ள ரெண்டு மினி பஸ்ஸு, ஒரு வைக்கோல் டிராக்டர், இருவது ஆடு. அது தாண்டி ரோடு விட்டுச்சு. நாலாவது கியர்ல வச்சு இன்ஜின் சுத்தக் காட்டுற முள்ள ரெண்டாயிரத்துக்குக் கீழ எறங்க விடாம மிதிக்கிறேன். கானாடுகாத்தான் வெலக்குக்கிட்ட வந்தப்ப மைலேஜ் காட்டுற நம்பரு பதினெட்டுலேர்ந்து ஒம்போதுக்கு விழுந்துச்சு. கூட டீசல் குடிக்குதுன்னா, ஆகா, கரி எரிய ஆரம்பிச்சிருச்சு! எம் பொண்ணு பன்னெண்டாவது ரிசல்ட் பாத்தப்பகூட நான் இம்புட்டு சந்தோஷப்பட்டது இல்ல.

நேரா திருமயம் கோட்டை. அங்க கோட்டைச் செவுத்துல பைரவர் இருக்காகல்ல, வண்டி ஓட்டுறவுக நின்னு செதறு தேங்கா ஒடச்சுட்டுப் போற எடம். "நிறுத்துங்க, ஒரு கும்புடு போட்டுட்டுப் போவம்"ங்கிறா. நிறுத்த முடியாதுடி, எரியுதுங்கிறேன். "எதுங்க எரியுது?" கரி எரியுது. "சாமியவிட கரி பெருசாப் போச்சா?" இப்ப நிறுத்துனா எரிஞ்சது பாதில நின்னுரும், மறுபடி மொதல்லேர்ந்துங்கிறேன். நாப்பது வருஷமா எங்க குடும்பத்து வண்டி எதுவும் அந்தப் பைரவரத் தாண்டி நிக்காமப் போனதில்லையாம். நான் ஓட்டிக்கிட்டே ஒரு கைய எடுத்துக் கும்புட்டேன், அதுக்கும் திட்டு. எங்க ஐயா கப்பலேறி ரங்கூனுக்கு யாவாரம் பண்ண, எங்க பேச்சுல 'கொண்டு விக்க', போனாக, பேரன் புகைய விக்கத் திருமயம் வந்திருக்கேன், பைரவர் என்ன நெனச்சிருப்பாகளோ. அதுக்கு மேல பத்து நிமிஷம் புதுக்கோட்டப் பக்கமா ஓட்டி, லைட்டு அணைஞ்சு, திரும்பி வர்றப்ப எறங்கி ஒரு தேங்காய்க்கு ரெண்டு தேங்கா ஒடச்சோம். வர்ற வழியெல்லாம் அவ பேசல. எனக்கு அது ஒரு லாபம்.

வீட்டுக்கு வந்து வண்டிய முகப்பு ஓரமா நிறுத்தி சாவிய எடுத்துட்டேன். வண்டிக்குள்ள ஃபேன் மட்டும் ஓஓன்னு ஓடுது, கருகுன வாட வேற. அது அப்படித்தான் சூடு ஆறும்னு எனக்குத் தெரியும். ஆத்தாவுக்குத் தெரியுமா? எம்பது வயசுல வளவுலேர்ந்து பித்தளக் கொடத்தோட ஓடி வந்து, "காரு எரியுதுடா தம்பி"ன்னு பானட்டு மேல கொடத்தோட கவுத்துட்டாக. புஸ்ஸுனு ஆவி. விவரம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "ஓட்டத்தான வேணும்? நம்ம நகரத்தார் கோயில் ஒம்போதுக்கும் ஒரு சுத்து போய்ட்டு வா"ன்னாக. ஆத்தா, இலுப்பைக்குடி, மாத்தூர், இரணியூர்னு ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி ஏறுனா ஒம்போதாவது கோயில்ல ஃபில்டர் மறுபடி நெறஞ்சிரும்.

அதோட விட்டுச்சா? ஞாயித்துக்கெழம டிப்ஸ்டிக்க உருவி, தொடச்சு, மறுபடி விட்டு எடுத்தேன். ஆயில் மேல் கோட்டத் தாண்டி நிக்குது. எல்லா வண்டிலயும் ஆயில் கொறையும்யா, எனக்கு மட்டும் ஊறுது, கேணி மாதிரி. மோந்து பாத்தா டீசல் வாட. கரிய எரிக்கணும்னு கடேசி நேரத்துல சிலிண்டருக்குள்ள கூடக் கொஞ்சம் டீசல அடிக்குமாம், நாம பாதில அணைச்சு அணைச்சு வச்சா அது செவுத்து வழியா வழிஞ்சு ஆயில்ல கலந்துருமாம். அப்ப ஆயில சீக்கிரமே மாத்தணும். அதுவும் சாம்பல் கம்மியா விழுற ஆயில்தான் ஊத்தணும், ஏன்னா கரி எரியும், சாம்பல் எரியாது, உள்ளயே அடச்சுக்கும். செக்காலை ரோட்டு மெக்கானிக் அண்ணன்கிட்ட சொன்னேன். வாயில இருந்த வெத்தலையத் துப்பிட்டு, "இது வண்டியா, மாப்பிள்ளையா?"ன்னாரு.

இதுல நீல மூடிக்காரன் வேற தனி, புகைல இருக்குற நச்சக் கொறைக்கத் தனித் தொட்டில ஊத்துற தண்ணி. அதுல 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் சுத்தத் தண்ணி, அம்புட்டுதான். புதுவயல் கூட்டாளி ஒருத்தன், "யூரியாதான? 45 கிலோ மூட்ட வீட்டுல கெடக்கு, கரைச்சு ஊத்திரலாம்"ங்கிறான். நல்லவேள கேட்டுட்டு ஊத்தலாம்னு இருந்தேன். வயக்காட்டு யூரியால வேப்பெண்ண பூசியிருக்கும், ஊத்துனா அந்தப் பக்கம் புகையச் சுத்தம் பண்ணுற கேட்டலிஸ்டும் காலி. சர்தான்னு இன்னைக்குக் காலைல சாவியப் போட்டா, மஞ்ச லைட்டுக்குப் பக்கத்துலயே இன்னொரு எழுத்து: நீலத் தண்ணி ஊத்தலேன்னா 800 கிலோமீட்டருக்கு அப்பறம் வண்டி ஸ்டார்ட் ஆகாதாம். என் வண்டி என்னையவே மெரட்டுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, தனியா உக்காந்து சிரிக்கிறேன், தெருவுல போறவுக பாத்துட்டுப் போறாக.

சிரிச்சுக்கிட்டே ரிவர்ஸ் எடுக்கலாம்னு திரும்புனா, பின்னாடி வழியே இல்ல. எங்க திண்ணைல பட்டுச்சேலயக் கட்டி ஒரு பொண்ண உக்கார வச்சு, குட போட்டு, லைட்டு போட்டு, கல்யாணத்துக்கு முந்தி எடுக்குற போட்டோவாம். யாரக் கேட்டுய்யா ஏறுனீக? வாரத்துக்கு ரெண்டு கூட்டம் இப்படி. தூணுல சாயுறது, கதவ ஆட்டுறது, போறப்ப காப்பிக் கப்ப அங்கயே போட்டுட்டுப் போறது. ஒரு பய கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடி வந்து கண்ணாடியத் தட்டுறான்.

"அங்கிள், இந்த வண்டி ஃப்ரேம்ல செட்டாகல, கொஞ்சம் எடுத்துருங்க. உங்க வீட்டுல பழைய அம்பாசடர் எதுவும் கெடக்கா?"