ரவுட்டர் வாங்கினால் ஃபைபர் பெட்டியைக் கழற்றிவிடலாமா?

"நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியைக் கழற்றிவிட்டு நல்ல ரவுட்டர் மாட்டுங்கள், வேகம் இரண்டு மடங்காகும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இதை நம்பிப் பெட்டியைக் கழற்றிவிடாதீர்கள்.

அந்தப் பெட்டிதான் ஓ.என்.டி. கண்ணாடி இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதன் வேலை. கடையில் விற்கும் சாதாரண ரவுட்டரில் ஃபைபரைச் செருக இடமே இருக்காது. சரி, வேறொரு ஓ.என்.டி. வாங்கி மாட்டினால்? ஜிபான் (GPON) எனும் ஃபைபர் இணைப்பு முறையில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிந்து போகிறது. எந்தப் பெட்டி யாருடையது என்பதை நிறுவனத்தின் கருவி பெரும்பாலும் சீரியல் எண்ணை வைத்தே அடையாளம் காணும். அங்கே பதியாத பெட்டிக்கு இணைப்பு கிடைக்காது.

வேகமும் அப்படித்தான். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கான வரம்பை நிறுவனம்தான் வைக்கிறது. ரவுட்டர் அதைத் தாண்ட முடியாது. ஆனால் உள்ளறையில் வைஃபை திணறினால் நல்ல ரவுட்டர் நிச்சயம் உதவும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை மட்டும் உள்ள பழைய பெட்டியிலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலே, அருகில் இருக்கும் கருவிகளில் வித்தியாசம் தெரியும்.

புது ரவுட்டர் மாட்டுவதானால், ஓ.என்.டி.யை அப்படியே விட்டு, அதை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது இணைப்பை நேராக உங்கள் ரவுட்டருக்குக் கடத்திவிடும் முறைக்கு, மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் சொல்லுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ (PPPoE) இணைப்பென்றால் அவ்விரண்டையும் கேட்டு வாங்கி ரவுட்டரில் போடுங்கள். அப்புறம், லேண்ட்லைன் போன் அந்தப் பெட்டியில் இணைந்திருந்தால், மாற்றிய பிறகும் அது வேலை செய்யுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.