பெப்ரவரியில் ஆர்.ஆர்.எஸ்.பி. விற்பவர்களுக்கு

பெப்ரவரி வந்தால் போதும், கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் திரும்பின பக்கமெல்லாம் ஆர்.ஆர்.எஸ்.பி. பேச்சுத்தான். போடும்போது வரியில் கழித்து, எடுக்கும்போது வரி கட்டுகிற ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டம் அது. மார்ச் தொடக்கத்தில் கெடு முடியப் போகிறது, இப்போதே போடுங்கள், வரி திரும்பி வரும், கையில் காசில்லையா, அதற்கும் கடன் தருகிறோம் என்பார்கள். நல்ல சம்பளக்காரருக்கு அது சரி. வேலைத்தலத்தில் முதலாளியும் சேர்த்துப் போடுகிறார் என்றால் யாராக இருந்தாலும் விடக்கூடாது. ஆனால் தொழிற்சாலையிலும் கடையிலும் நின்று வருடம் 40,000 டொலர் உழைக்கிற எங்கள் ஆட்களுக்கும் அதையே விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தச் சம்பளத்துக்கு ஒன்ராறியோவில் திரும்பி வருவது நூற்றுக்கு 20 அளவில்தான். இவர்கள் முதலில் நிரப்ப வேண்டியது டி.எஃப்.எஸ்.ஏ. என்கிற வரியில்லாச் சேமிப்புக் கணக்கு.

வித்தியாசம் 65 வயதில்தான் தெரியும். முதியோர் பென்சன் முழுதாகக் கிடைக்க, 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். தொண்ணூறுகளில் முப்பது, முப்பத்தைந்து வயதில் வந்திறங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு எட்டாது. குறைந்த பென்சன்தான். வேறு வருமானம் பெரிதாக இல்லாதவர்களுக்கு அரசாங்கம் அதற்கு மேல் தரும் ஜி.ஐ.எஸ். கொடுப்பனவுதான் கைகொடுக்கும். அந்த வயதில் ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து காசெடுத்தால் அது வருமானமாக ஏறும். டொலருக்கு ஏறக்குறைய 50 சதம் ஜி.ஐ.எஸ்.ஸில் வெட்டு விழும். டி.எஃப்.எஸ்.ஏ.யிலிருந்து பத்தாயிரம் எடுத்தாலும் ஒரு சதம் குறையாது. இருபது வீதம் திரும்ப வாங்கியவர் பிறகு ஐம்பது வீதம் கொடுக்கிறார். வீட்டு மேசையில் படிவத்தை விரித்து வைக்கிற முகவர்கள் இதை ஏனோ சொல்வதில்லை.

டி.எஃப்.எஸ்.ஏ. 2009இல் தொடங்கியது. கணக்குத் திறந்தவர்களிலும் பலர் காசைப் போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு சதவீத வட்டிக்கு வரி இல்லை என்பதில் என்ன பெரிய லாபம்? பத்து, பதினைந்து வருடம் தொடத் தேவையில்லாத காசை அதற்குள்ளேயே பங்குச் சந்தையில் போடலாம். வளர்ச்சி பெரிதாகும் இடத்தில்தான் வரிவிலக்குக்கும் மதிப்பு. வங்கிக்குப் போனால் வருடம் 2 சதவீதம் வரை கட்டணம் பிடிக்கிற மியூச்சுவல் ஃபண்டை நீட்டுவார்கள். உலகப் பங்குகளை மொத்தமாக வாங்கி வைத்திருக்கும் விஈக்யூடி, எக்ஸ்ஈக்யூடி போன்ற ஈ.டி.எஃப்.களுக்கு, அதாவது சந்தையில் ஒரு பங்குபோல வாங்கக்கூடிய நிதிகளுக்கு, கட்டணம் கால் சதவீதத்துக்கும் குறைவு. ஒரு லட்சம் டொலருக்கு வருடம் 2,000 எங்கே, 250 எங்கே! அமெரிக்கக் கம்பனிகள் தரும் பங்கு ஈவில் 15 சதவீதத்தை அங்கேயே வரியாகப் பிடித்துவிடுவார்கள், அதை டி.எஃப்.எஸ்.ஏ. தடுக்காது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

சரி, சந்தை விழாதா? விழும். 2008இலும் 2020 மார்ச்சிலும் விழுந்ததைப் பார்த்தோம். மூன்று வருடத்தில் வீட்டுக்கு முற்பணம் கட்டப் போகிறவர் இந்தப் பக்கம் வரவே கூடாது. அதைவிட மோசம், மச்சான் சொன்னான் என்று ஒரே கஞ்சாக் கம்பனியில் முழுக் காசையும் இறக்குவது. 7,000 போட்டது 2,000 ஆகிவிட்டால், அந்த நட்டத்தை வரியில் கழிக்க முடியாது. டி.எஃப்.எஸ்.ஏ.யில் இவ்வளவுதான் போடலாம் என்று ஆளுக்கு ஒரு வரம்பு உண்டு, அதைத்தான் இடம் என்கிறோம். போன 5,000க்கான இடமும் போனதுதான். எடுக்கிற தொகைக்கு மட்டும்தான் அடுத்த ஜனவரியில் இடம் திரும்பக் கிடைக்கும்.

அப்புறம், புதிதாக வந்த தம்பி தங்கைகளுக்கு ஒன்று. 2025 வரை 102,000 டொலர் போடலாம் என்று யாராவது சொன்னால், அது 2009இலேயே 18 வயதாகி இங்கே இருந்தவர்களுக்கு. உங்களுக்கு நீங்கள் கனடாவில் குடியேறிய வருடத்திலிருந்துதான் கணக்கு. 2023இல் வந்தவருக்கு 2025 வரை 20,500 மட்டுமே. அதற்கு மேல் போட்டால், மிகையாக உள்ள தொகைக்கு மாதம் 1 சதவீதம் தண்டம். வரித் திணைக்களத்தின் இணையக் கணக்கில் உங்கள் இடம் தெரியும். ஆனால் இந்த வருடம் போட்டது அதில் உடனே ஏறாது, அதனால் போடப் போட ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.