கழிவு ஆயில் வைத்தியம்

போன பங்குனியில் எங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குக் கீழே ஒரு நாய் வந்து படுத்தது. அது நாய்தான் என்று தெரியவே இரண்டாம் தடவை பார்க்க வேண்டியிருந்தது. உடம்பில் முடியே இல்லை. தோல் தண்ணீர் வற்றிய கண்மாய் மாதிரி வெடித்துக் கிடந்தது. காது விளிம்பெல்லாம் பொருக்கு. இதற்கெல்லாம் மேலே, தலையிலிருந்து வால்வரை கறுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ பூசியிருந்தது. கிட்டப் போனதும் மூக்கில் ஏறியது. வண்டிக்கு ஆயில் மாற்றும்போது வருமே, அந்த வாடை.

பக்கத்து டூவீலர் பட்டறைத் தம்பிதான் ஊற்றியிருந்தார். சண்டை போடும் வேகத்தில்தான் போனேன். "சொறிக்கு நல்லதுக்கா. எங்க ஊர்ல எல்லா நாய்க்கும் இதான் ஊத்துவோம்" என்றார். நல்லது செய்த திருப்தி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. யோசித்துப் பார்த்தால், எங்கள் தெருவில் அந்த நாய்க்காக எதையாவது செய்திருந்த ஒரே ஆள் அவர்தான். நான் மூன்று நாளாகப் பார்த்தும் பார்க்காதது போல ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தவள். கத்த வாய் வரவில்லை.

சொறி நாய்க்குக் கழிவு ஆயில் ஊற்றுவது நம் பக்கத்தில் சகஜம். சொறிப் பூச்சி மூச்சுமுட்டிச் செத்துப்போகும் என்பது கணக்கு. ஆனால் நாய் தன் உடம்பை நக்கித்தானே சுத்தம் செய்யும்? அத்தனை ஆயிலும் வயிற்றுக்குள் போகும். வெடித்த தோல் வழியாகவும் இறங்கும். சொறியில் சாகாத நாய் வைத்தியத்தில் செத்துவிடும்.

சரி, அப்புறம் நான் செய்ததும் பெரிய புத்திசாலித்தனம் இல்லை. போட்டோ எடுத்து இங்கேதான் போட்டேன். "யாராவது உதவுங்கள்" என்று. அழுகிற முகம் இருநூறைத் தாண்டியது. காப்பகங்களின் நம்பர் வந்து குவிந்தது. கூப்பிட்ட இடத்திலெல்லாம் "இடமில்லைம்மா" என்றார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது அவர்கள் இடமில்லை என்று சொன்னதே நல்லது என்று தோன்றுகிறது. இந்தப் பதிவு அதைச் சொல்லத்தான்.

எந்த நாயைப் பார்த்தாலும் "ஷெல்டருக்கு அனுப்புங்க" என்கிறோம். கால் ஒடிந்து கிடந்தால், புழு வைத்த புண்ணாக இருந்தால், வண்டியில் அடிபட்டிருந்தால் கண்டிப்பாகத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். புழு ஒரு ராத்திரியில் சதையைக் குடைந்து உள்ளே போய்விடும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. ஆனால் சொறி அப்படியல்ல. பட்டினியால் எதிர்ப்புச் சக்தி இல்லாமல் கிடக்கும் நாயை நூறு நாய் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விட்டால், அங்கே பார்வோ, டிஸ்டெம்பர் என்று எந்தத் தொற்றுநோய் சுற்றுகிறதோ அது முதலில் இதைத்தான் பிடிக்கும். அது படுத்திருக்கும் தெருவிலேயே வைத்துத் தேற்ற முடிகிற நாயைத் தெருவிலேயே தேற்றுவதுதான் சரி என்பது என் கட்சி.

முதல் வேலை அந்த ஆயிலை எடுப்பது. வெறும் சோப்புக்கு அசையாது. கையுறை போட்டுக்கொண்டு தேங்காய் எண்ணெயை நன்றாகத் தேய்த்து, ஆயில் இளகிய பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலச வேண்டும். மூன்று தடவை. கடிக்காமல் இருக்க என் பழைய துப்பட்டாவைக் கிழித்து வாயில் ஒரு கட்டு. பிடித்துக்கொண்டது பட்டறைத் தம்பி. "நான் ஊத்துனதுதானே" என்று அவரே வந்து உட்கார்ந்தார். ஓடுகிற கறுப்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை.

அதே கையோடு ஆட்டோவில் அரசு கால்நடை மருத்துவமனை. டாக்டர் பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையாக, குட்டைக் கால்களோடு ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. சார்கோப்டெஸ் என்று பேராம். இந்தத் துளிப் பூச்சிக்குத்தான் அத்தனை கல்லடி, அத்தனை "ச்சீ போ". எடை பார்த்தால் ஒன்பது கிலோ. பதினைந்து கிலோவாவது இருக்க வேண்டிய உடம்பு.

ஐவர்மெக்டின் கொடுத்தார். வாரம் ஒரு தடவை. மருந்து பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிந்து வருவதையும் சேர்த்து முடிக்கத்தான் திரும்பத் திரும்பக் கொடுப்பது. ரெண்டு வாரத்தில் சொறிவது குறைந்ததும் நிறுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்த மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். எடை பார்த்துத்தான் அளவு. கோலி போன்ற சில இனங்களின் ரத்தம் கலந்த நாய்க்கு இதுவே விஷமாகிவிடும்.

மாத்திரை கொடுத்த கதை தனி. தயிர்சாதத்தில் வைத்தேன். தட்டு பளபளவென்று காலி, நடுவில் மாத்திரை மட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்தது. பன்னுக்குள் வைத்தேன், பன் போனது, மாத்திரை ரோட்டில் கிடந்தது. கடைசியில் வேகவைத்த கோழி ஈரல். முதலில் வெறும் ஈரல் ஒன்று, அடுத்தது மாத்திரை வைத்தது, மூன்றாவதைக் கையில் தூக்கிக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். அந்த மூன்றாவதைப் பிடிக்கும் அவசரத்தில் இரண்டாவதை அப்படியே விழுங்கிவிடும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இந்த டெக்னிக் புதிதல்ல.

நடுவில் எனக்கும் கையில் சிவப்புச் சிவப்பாகத் தடித்து அரிப்பு. நாயின் சொறிப் பூச்சி மனிதத் தோலில் கொஞ்ச நாள் கடிக்கும், ஆனால் தங்கிப் பெருகாது. நாய்க்குச் சரியானதும் எனக்கும் போய்விட்டது. அதுவரை அத்தை என் துணியைத் தனியாகத்தான் ஊறவைத்தார்கள்.

ஆறாவது வாரத்தில் முதுகில் பூனைமுடி மாதிரி ஒன்று முளைத்தது. செவலை. அதுவரை அதன் நிறம் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் தெருப் பிள்ளைகள் முதல் நாளிலேயே "ஆயில்" என்று பேர் வைத்துவிட்டார்கள். இன்றும் ஆயில்தான். கூப்பிட்டால் தம்பி கொஞ்சம் நெளிவார்.

எதிர்ப்பும் இருந்தது. மூன்றாம் வீட்டு வாத்தியார் சாருடைய பேத்தியை முன்பு வேறொரு நாய் கடித்திருக்கிறது. "காப்பாத்துறது நீங்க, கடி வாங்குறது நாங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வி கேட்கிறவர்களை ஈவு இரக்கமில்லாதவர்கள் என்று நம் ஆட்கள் திட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. ரேபிஸ் முற்றினால் காப்பாற்ற மருந்தில்லை. கடித்தவுடன் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஊசியைத் தொடங்கி, டாக்டர் சொல்லும் எல்லா ஊசியையும் போட்டு முடித்தால் அநேகமாக அது வராது. அரசு மருத்துவமனையில் ஊசி இலவசம்தான். ஆனால் ஒரு சின்னப் பிள்ளை அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டதைப் பார்த்த தாத்தாவிடம் போய் ஜீவகாருண்யம் பேச முடியாது. அவரிடம் ஆயிலின் ரேபிஸ் தடுப்பூசி அட்டையைக் காட்டினேன். சாப்பாடு வைக்கும் இடத்தை அவர் வாசலிலிருந்து தள்ளி, டிரான்ஸ்ஃபார்மர் பின்பக்கம் மாற்றினேன். அவர் இன்னும் கம்போடுதான் நடக்கிறார். ஆயில் அந்தப் பக்கம் போவதில்லை. அவ்வளவுதான் உடன்பாடு.

டெல்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ல் சொன்னபோது நாடே ரெண்டாகி நின்றது. 22-ஆம் தேதி மூன்று நீதிபதி அமர்வு அதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்ததையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது, சாப்பாடு போட இடம் ஒதுக்க வேண்டும் என்றது. பிடித்த இடத்திலேயே விடுவது 2023-ஆம் வருட நாய்க் கருத்தடை விதிகளிலும் உள்ளதுதான். நாயைத் தூக்கினால் அந்த இடமும் அங்கே கொட்டும் எச்சில் இலையும் அப்படியே இருக்கும். கருத்தடை ஆகாத, ஊசி போடாத வேறொரு நாய் வந்து உட்காரும். சென்னை எத்தனையோ காலம் பிடித்துக் கொன்று பார்த்த ஊர். ஒழிந்ததா?

இதில் நாய்ப் பிரியர்கள் காதில் விழ வேண்டியது ஒன்று உண்டு. எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பெட்டை நாயைச் சோறு போட்டுத் தேற்றினால், உடம்பு தேறிய சூட்டோடு பருவத்துக்கு வரும். அப்புறம் இரண்டே மாதம். நாலோ ஆறோ குட்டி. அவற்றில் பாதி வண்டிச் சக்கரத்துக்கு. கருத்தடை செய்யாமல் சோறு மட்டும் போடுவதை நான் காப்பாற்றுவதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆயில் பதினான்கு கிலோவைத் தொட்ட வாரம் வண்டி வரவழைத்துக் கருத்தடைக்கு அனுப்பினோம். நாலைந்து நாள் வைத்திருந்து, கருத்தடை ஆனதற்கு அடையாளமாகக் காதில் சின்னதாக ஒரு வெட்டோடு கொண்டுவந்து விட்டார்கள். இறங்கியதும் நேராக டிரான்ஸ்ஃபார்மர் அடிக்குப் போய், மூன்று சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று ஆபீஸில் இருக்கும்போது பட்டறைத் தம்பி போன் செய்தார். "அக்கா, பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குப் பின்னாடி ஒண்ணு கெடக்கு. நம்ம ஆயில விட மோசம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் எதுவும் ஊத்தலக்கா" என்றார்.

வரும்போது ஈரல் வாங்கிக்கொண்டு வந்தேன்.