வாட்டை வைத்து ஹெட்லைட்டின் கண்கூச்சத்தைக் கணக்கிட முடியாது
"வண்டி ஹெட்லைட்டில் 35 வாட் செனான் பல்பு, 55 வாட் ஹாலஜன் பல்பைவிடக் குறைவுதானே, பல்பை மட்டும் மாற்றினால் எதிரே வருபவருக்குக் கண் கூசாது" என்று சிலர் சொல்வது தவறு. வாட் என்பது பல்பு இழுக்கும் மின்திறன். வெளிச்சத்தை அதற்கான அளவான லூமெனில் பார்க்க வேண்டும்: 35 வாட் செனான் சுமார் 3,200 லூமென், எச்4 என்ற ஹாலஜன் பல்பின் லோ பீம் (தாழ்வாக அடிக்கும் வெளிச்சம்) ஏறக்குறைய 1,000தான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ரிஃப்ளெக்டர், அதாவது பல்பின் வெளிச்சத்தை முன்னே திருப்பும் வளைந்த பளபளப்பான கிண்ணம். எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள், லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். மேலே சிதறும் வெளிச்சத்தை மறைப்பது அதுதான். செனானில் இழையே கிடையாது. வாயுவுக்குள் எரியும் மின்வில். ரிஃப்ளெக்டரின் வளைவு அந்த மெல்லிய இழைக்காகச் செய்தது, அப்புறம் கூசாமல் என்ன செய்யும்? சுவரில் அடித்துப் பாருங்கள், வெளிச்சம் மேலே முடியும் வெட்டுக்கோடு கலங்கித் தெரியும்.

செனான்தான் வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த புரொஜெக்டரோடு (லென்ஸ் வைத்த விளக்கு அமைப்பு) போடுங்கள். 8,000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) நீலம் வேண்டாம், 4,300-ஐவிட வெளிச்சம் குறைவு.