ஹார்வர்ட் நீமன் உதவித்தொகை: பேநவ்வில் பணம் அனுப்பாதீர்கள்

"தகவல் தொடர்புத் துறையில் வேலை செய்யும் யாருக்கும் ஹார்வர்டில் ஓராண்டு முதுகலைப் பட்டம். பதிவுக் கட்டணம் 180 வெள்ளி, பேநவ் போதும்." இந்த வாட்ஸ்அப் செய்தி இப்போது நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குழுக்களில் சுற்றுகிறது. நீமன் உதவித்தொகை என்று பெயரும் போட்டிருக்கிறார்கள்.

நீமன் உதவித்தொகை உண்மையானதுதான். 1938 முதல் ஹார்வர்டில் நடக்கிறது, வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதில் பட்டமே கிடையாது! தேர்வானவர்கள் ஒரு கல்வியாண்டு ஹார்வர்ட் வகுப்புகளில் விரும்பியதைக் கேட்டுப் படிக்கலாம். மதிப்பெண்ணோ பட்டத்துக்குச் சேரும் பாடப் புள்ளிகளோ இல்லை. பணம் போகும் திசையையும் செய்தி தலைகீழாக்கிவிட்டது. வாழ்க்கைச் செலவுக்கு இதை நடத்தும் நீமன் அறக்கட்டளைதான் பணம் தரும்.

அப்புறம், "யாருக்கும்" என்பதும் தவறு. இது செய்தியாளர்களுக்கானது. ஊடகத்தில் குறைந்தது ஐந்தாண்டு முழுநேர அனுபவம் கேட்கிறார்கள்.

சிராங்கூன் சாலையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் அக்கா மகள் போனை நீட்டினாள். விளம்பர நிறுவனத்தில் இரண்டாவது ஆண்டு வேலை. "மாமா, இன்னிக்கு கடைசி நாளாம்." 180 என்று அடித்து, உறுதிசெய்யும் பொத்தானுக்கு மேலே விரல். பெறுபவர் பெயரில் பல்கலைக்கழகம் இல்லை, ஒரு தனிநபர் பெயர். அதைக் காட்டியதும் விரலை எடுத்துவிட்டாள்.

நீமன் அறக்கட்டளையின் சொந்த இணையத்தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் வங்கியை உடனே அழையுங்கள், போலீசில் புகார் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் மோசடி பற்றிக் கேட்டறியும் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799.