எண்ணூர் காற்றுக்கு அந்தக் கணக்கு போதாது
மின்கம்பியைக் கோபுரத்தில் மின்சாரம் பாயாமல் தாங்கும் ‘பாலிமர் இன்சுலேட்டரைக் கழுவவே வேண்டாம்’ என்ற கட்டுரையின் வரி, கடல் உப்பும் அனல்மின் நிலையச் சாம்பலும் படியும் எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அப்படியே செல்லாது. அதன் மேலுறையான சிலிகோன் ரப்பருக்குள்ளிருந்து சிறு மூலக்கூறுகள் கசிந்து, மேலே படிந்த உப்பையும் சாம்பலையும் போர்த்துவதால்தான் தண்ணீர் ஒட்டுவதில்லை. அதற்கு நேரம் பிடிக்கும்; விடாத கடற்காற்றும் மார்கழிப் பனியும் அந்த அவகாசத்தைத் தராது. ஈரப்படலத்தில் மின்கசிவு ஓடி, ஓரிடம் மட்டும் காய்ந்து, அங்கே பொறி பறந்து ரப்பர் அரிக்கும். ரப்பரில் அலுமினியம் ட்ரைஹைட்ரேட் என்ற தூளைச் சேர்ப்பது இதைத் தாங்கத்தான்: சூட்டில் அது தண்ணீரை விட்டு மேற்பரப்பைக் குளிர்விக்கும்.

110 கேவி (கிலோவோல்ட்) லைனுக்கு, உச்ச அழுத்தம் 123 கேவி, கேவிக்கு 31 மி.மீ. வீதம் 3,813 மி.மீ. கிரீப்பேஜ், அதாவது மேற்பரப்பை ஒட்டி மின்கசிவு கடக்க வேண்டிய நீளம், கேளுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

சோதிக்க, சப்ளையை நிறுத்தி எர்த் போட்டபின் 25 செ.மீ. தள்ளி நின்று 20–30 நொடி தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நின்றால் சரி. படலமாகப் படர்ந்தால் உடனே சுத்தம் செய்யுங்கள், கரித்தடம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.